வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

ஷாஃப்ஹவுசன் நகரத்தில் இருக்கிற எங்கள் சனத்துக்கு இராஜேந்திரனின் வீட்டு வான் ஒரு பகிடி. உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, வெள்ளைக்காரர் விடுமுறைக்குக் கொண்டு திரிகிறார்களே, அந்த மாதிரி வான். "ஆளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கோவன். இனி ஏரிக்கரையில கதிரை போட்டு இருக்கப் போறார்" என்று தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டே சொன்னவர்கள் உண்டு. இராஜேந்திரனோ சிரித்துவிட்டு, முருங்கைக்காயை நிறுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்த வான் எதற்கு என்று தெரிந்தவர்கள் பகிடி விடுவதில்லை.

அவருடைய மனைவி பரமேஸ்வரிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப்போய் சில வருடங்கள் ஆகின்றன. ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தமாக்குகிற மெஷினோடு படுத்துக் கிடக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே செய்கிற வழி ஒன்று இருக்கிறது என்று டொக்டர் சொன்னபோது அதைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகப் பையிலுள்ள மருந்துத் தண்ணீரை உள்ளே விடவேண்டும். சில மணித்தியாலம் கழித்து அதை வெளியே எடுத்துவிட்டுப் புதுப் பை மாற்ற வேண்டும். பகலில் திரும்பத் திரும்ப இதேதான் வேலை. குழாயைத் தொடுகிறதுக்கு முன்னால், ஓடுகிற தண்ணீரில் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கையில் ஒரு கிருமி இருந்தால் அது நேரே வயிற்றுக்குள் போய்விடும். ஒருமுறை அப்படிப் போய், அவள் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததை இராஜேந்திரன் பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போகாமல் விட்டாள். கலியாண வீடு இல்லை, கோயில் இல்லை. "கோயில் கக்கூசில கையைக் கழுவிப்போட்டோ நான் இதைப் பிடிக்கிறது?" என்று கேட்பாள்.

இராஜேந்திரன் ஒரு வயோதிபர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறவர். ஊரில் நிலைமை கெட்டிருந்த காலத்தில் அகதியாக வந்து, சட்டி கழுவத் தொடங்கி, இன்றைக்கு மரக்கறிப் பகுதிக்குப் பொறுப்பாக நிற்கிறார். அங்கே வேலை செய்த ஒரு கிழவர், இனி வாகனம் ஓட்டக் கண் சரியில்லை என்று தன்னுடைய பழைய வீட்டு வானை விற்கப்போவதாகச் சொன்னார். பார்க்கப் போன இராஜேந்திரன் கட்டிலைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. கை கழுவுகிற தொட்டிக்கு மேலே இருந்த பைப்பைத் திறந்தார். தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் சுடுதண்ணீரும் வந்தது. அவர் அங்கேயே நின்று அழுதுவிட்டதாக அந்தக் கிழவர் பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

வான் வந்த பிறகுதான் பரமேஸ்வரி திரும்ப வெளியே வந்தாள். மகன் பிருந்தனுடைய ஜெனீவா வீட்டுக்குப் போனார்கள். அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போனார்கள். பை மாற்றுகிற நேரம் வந்தால் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வாள். முடிந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு ஒன்றும் நடக்காதது போல இறங்கி வருவாள். வானின் தண்ணீர்த் தாங்கியை இராஜேந்திரன் கோயில் கிணறு போலக் காத்தார். தவறாமல் உரஞ்சிக் கழுவுவார். தண்ணீர் நிரப்புகிற குழாயை வேறு ஒன்றுக்கும் பாவிக்க விடமாட்டார்.

குளிர்காலத்துக்கு மட்டும் வான் ஓய்வுக்குப் போகும். நகரத்துக்கு வெளியே ருவேடி என்கிற விவசாயியின் பண்ணை முற்றத்தில்தான் அது எப்போதும் நிற்கும். குளிர் தொடங்க முன்னம் உள்ளே இருக்கிற தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறக்கிவிட வேண்டும். தாங்கியின் அடி மூடியைத் திறக்க வேண்டும். எல்லாப் பைப்பையும் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் திருப்பித் திறந்தபடி விடவேண்டும். குளிக்கிற குழாயைத் தரையில் இறக்கிப் போட வேண்டும். வளைவுகளில் தேங்கி நிற்கிறதைக் காற்றடித்துத் துரத்த வேண்டும். எங்கேயாவது கொஞ்சம் நின்றுவிட்டால் அது உறைந்து, பெருத்து, தான் இருக்கிற இடத்தை உடைத்துவிடும். வருடா வருடம் அவர் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்.

இந்த வருடம் இலையுதிர்காலத் தொடக்கத்தில் டொக்டர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி வைத்துச் சொன்னார். பை இனிப் போதாது. வயிற்றின் உள்தோல் களைத்துப்போய்விட்டது. புதுவருடம் பிறந்ததும் ஆஸ்பத்திரி மெஷினுக்கு மாறத்தான் வேண்டும், கிழமைக்கு மூன்று நாள். பரமேஸ்வரி தலையாட்டினாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அப்ப இந்த முறை சூரன்போருக்குப் போவம். வெளிக்கிட்டு, நிண்டு, முழுக்கப் பாக்கவேணும். அடுத்த முறை நான் எந்தக் கோலத்தில இருப்பனோ."

"போவம்" என்றார் இராஜேந்திரன்.

அந்த ஒரு சொல்லை அவர் அதற்குப் பிறகு நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

கந்தசட்டி தொடங்கியது. அவர் வழமைபோல் விரதம். பகலில் வெறும் தண்ணீர், பொழுதுபட்ட பிறகு பாலும் பழமும். மற்றவர்களுக்கு இறைச்சி வேகிற சமையலறையில் நின்று கரட் வெட்டிக்கொண்டு அவர் விரதம் பிடிக்கிறதை வேலையிடத்தில் எல்லாரும் அறிவார்கள். பரமேஸ்வரிக்கு விரதம் கூடாது என்று டொக்டர் கட்டாயமாகச் சொல்லியிருந்தார். "உங்கட விரதத்தில பாதி எனக்கு. நான் சமைச்சுத் தாறதுக்குக் கூலி" என்பாள்.

வியாழக்கிழமை பின்னேரம் ருவேடி தொலைபேசி எடுத்தான். எப்போதும்போலப் பகிடியோடுதான் தொடங்கினான்.

"ராஜா, உன்னுடைய அரண்மனையில் இன்னும் தண்ணீர் நிற்கிறதா?"

"நிற்கிறது. திங்கட்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும்."

"திங்கட்கிழமை போ, யார் வேண்டாம் என்றது? ஆனால் இப்போதைக்கு இறக்கிவிடு. திங்கள் காலையில் திரும்ப நிரப்பு. என் முழங்கால் குத்துகிறது. குளிர் வருகிறது."

"உன்னுடைய முழங்கால் போன கிழமையும் குத்தியது."

"அது பசு உதைத்தது. இது வேறு."

இராஜேந்திரன் சிரித்தார். நாளைக்கு வேலை முடிந்ததும் வருகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை வேலை மத்தியானத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து, முழுகி, விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ஆணியில் தொங்கிய வானின் திறப்பை எடுத்தார். பரமேஸ்வரி அப்போதுதான் பை மாற்றி முடித்திருந்தாள்.

"எங்கை, திறப்போட?"

"வானுக்குத்தான். தண்ணியை இறக்கிவிட்டிட்டு வாறன். குளிரப் போகுதாம்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ?"

"ஓம்."

"வெள்ளிக்கிழமையில, அதுவும் சட்டி விரதத்துக்க, ஒரு சொட்டில்லாமத் தண்ணியை வெளியில ஊத்துறதோ? வான் எண்டாலும் அதுவும் ஒரு வீடுதானே. அடுப்பிருக்கு, படுக்கையிருக்கு, முருகன்ர படமிருக்கு. வெள்ளிக்கிழமையில ஆரும் வீட்டுக் குடத்தைக் கவிட்டு வைப்பினமோ?"

இராஜேந்திரன் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ருவேடி குளிரும் எண்டுறான்."

"ருவேடியின்ர முழங்காலைக் கேட்டோ நாங்கள் நல்லநாள் பெருநாள் பாக்கிறது?"

அவர் தொலைபேசியில் காலநிலையைப் பார்த்தார். இரவுக்குப் பூச்சியத்துக்கு மேலே இரண்டு பாகை என்று இருந்தது. உறையாது. நாளைக்குச் சனிக்கிழமை, காலமையே போய்ச் செய்யலாம். அவள் சொன்னாள் என்பதற்காக மட்டும் அவர் நிற்கவில்லை. அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமைகளில் உப்பை வெளியில் கொடுக்க மாட்டார்கள், பொழுதுபட்டால் வீடு கூட்டிக் குப்பையை வெளியே தள்ள மாட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வழக்கம் விட்டுப்போனாலும் வெள்ளிக்கிழமையை இரண்டு பேரும் விடவில்லை. அதுவும் முருகனுடைய நாட்களில், நோயாளி மனைவிக்காக வைத்திருக்கிற தண்ணீரை நிலத்தில் ஊற்ற அவருக்குக் கை வரவில்லை. திறப்பைத் திரும்ப ஆணியில் கொழுவினார்.

தொலைபேசி சொன்னது நகரத்துக் குளிரை. ருவேடியின் பண்ணையோ பள்ளத்தில் இருக்கிறது. குளிர் போய்ப் படுக்கிற இடம் அது.

சனிக்கிழமை காலை அவர் போனபோது புல் எல்லாம் வெள்ளையாக இருந்தது. மிதித்த இடம் நொறுங்கியது. வானைக் கிட்ட நெருங்கும்போதே அதன் கீழே ஒரு பாய் அகலத்துக்குப் பனிக்கட்டி பளபளத்தது. பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. சுடுதண்ணீர் வைக்கிற கலத்துக்கு ஒரு வால்வு உண்டு. உறைகிற குளிர் வந்தால் அது தானாகத் திறந்து, இருக்கிற தண்ணீரை வெளியே விட்டு, கலத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அது தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் மற்றவற்றுக்கு அப்படி வால்வு கிடையாது.

உள்ளே ஏறிப் பைப்பைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. காஸ் சூட்டைப் போட்டுவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் இருந்தார். வெயில் ஏறியது. கண்ணாடியில் இருந்த பனி உருகி வழியத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குக் கீழே, இருட்டுக்குள், சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது. கையை விட்டுத் தடவினார். பைப்பின் அடி வெடித்திருந்தது. தாங்கிக்குள் இருந்து தண்ணீரை மேலே தள்ளுகிற பம்பை வெளியே எடுத்தார். அதன் பக்கவாட்டில் தலைமயிர் போல ஒரு கீறல், மேலிருந்து கீழ் வரைக்கும். சுவிச்சைப் போட்டால் பம்ப் உறுமியது, தண்ணீரைத் தூக்கவில்லை.

திருத்துகிற இடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். இது பழைய மாதிரி, பம்பும் பைப்பும் வெளியிலிருந்து வரவேண்டும், அடுத்த மாதத்துக்கு முன்னம் ஏலாது என்றார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்தது, வருடா வருடம் செய்கிறதைத்தான். தாங்கியின் மூடியைத் திறந்தார். மிச்சத் தண்ணீர் புல்லில் ஓடியது. எல்லாப் பைப்பையும் நடுவில் திருப்பித் திறந்துவிட்டார். குளிக்கிற குழாயை இறக்கிப் போட்டார். காத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாத நேரத்திலும் ஒன்று விடாமல் செய்தார். முடித்துவிட்டு அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த படத்துக்கு முன்னால் நின்றார்.

"உன்ர நாள் எண்டுதானே விட்டனான், முருகா" என்றார். குறை சொல்லவில்லை. விளங்காமல் கேட்டார். வெளியே ருவேடியின் மாடுகள் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு நின்றன.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு உடைந்த பம்ப் நினைப்பில்லை. பரமேஸ்வரியின் முகம்தான் நினைப்பு. அவளுக்குத் தெரிந்தால், என் வாயால்தான் கெட்டது என்று ஒடிந்துவிடுவாள். கோயிலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று படுத்துவிடுவாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் இத்தனை நோயையும் வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டி வந்தவள். அந்தப் பிடி கழன்றால் ஜனவரியில் மெஷினுக்கு முன்னால் எதைப் பிடிப்பாள்?

வீட்டில் அவள் கேட்டாள்.

"இறக்கியாச்சோ?"

"ஓம். ஆனா பம்ப் பழுதாப் போச்சு. பழசுதானே. தேஞ்சு போச்சு."

"குளிராலயோ?"

"இல்லை."

விரத நாளில், குளித்து நீறு பூசி, முருகனைக் கூப்பிட்ட வாயால் அந்தச் சொல் வந்தது. அவருக்கே அது காதில் விழுந்தது.

"அப்ப திங்கட்கிழமை?" என்று பரமேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"போறம். நீர் பேசாமல் இரும். நான் பாக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் பரமேஸ்வரியைப் பார்க்கிற தாதிக்குத் தொலைபேசி எடுத்தார். பைப்பில் தண்ணீர் வராது, கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரை நானே கையில் ஊற்றினால் போதுமோ என்று, தெரிந்த ஜெர்மனில் தட்டித் தடவிக் கேட்டார். தாதி கொஞ்சம் யோசித்தாள். பாத்திரம் சுத்தமாக இருக்கட்டும், தண்ணீர் நிற்காமல் ஓடட்டும், சோப்புப் போட்டு நன்றாகத் தேய்க்கட்டும், பிறகு கிருமி கொல்லுகிற மருந்தைக் கையில் தடவட்டும், அப்படியென்றால் சரி என்றாள். "நீங்கள் ஊற்றும்போது தும்மக்கூடாது" என்றும் சொன்னாள். அது பகிடியா உண்மையா என்று தெரியாமல், தும்மமாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணினார்.

அன்று முழுக்கக் குசினியில் தண்ணீர் கொதித்தது. தண்ணீர் கொண்டுபோகிற புதுக் கான்கள் இரண்டு வாங்கி, அவற்றையும் கொதிதண்ணீரால் அலசி நிரப்பினார்.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் பண்ணைக்குப் போனார்கள். பரமேஸ்வரி பச்சைப் பட்டு உடுத்தி, அதற்கு மேலே தடித்த கோட் போட்டிருந்தாள். இராஜேந்திரன் கான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது ருவேடி ஒரு பை நிறைய அப்பிளோடு வந்தான். பரமேஸ்வரிக்கு அவருடையதைவிட நல்ல ஜெர்மன் தெரியும். அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்து பழகினது. ருவேடி எப்போதும் அவளோடுதான் கதைப்பான்.

"எனக்கே மனம் கஷ்டமாகப் போய்விட்டது, பரமேஸ். வியாழக்கிழமையே சொன்னேன், இறக்கிவிடு என்று. வெள்ளி இரவு என் வாளித் தண்ணீரே கல்லாகிவிட்டது. பம்ப் மட்டுமா, பைப்பும் வெடித்துவிட்டதாமே?"

பரமேஸ்வரி அப்பிள் பையை வாங்கினாள். நன்றி சொன்னாள். பிறகு வானின் படியில் அப்படியே இருந்துவிட்டாள்.

ருவேடிக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று விளங்கியது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு மாட்டுக் கொட்டில் பக்கம் போய்விட்டான்.

"வெள்ளி இரவோ?" என்றாள் பரமேஸ்வரி.

இராஜேந்திரன் கானை நிலத்தில் வைத்தார்.

"ஓம்."

"குளிராலயோ எண்டு கேட்டனான். இல்லை எண்டு சொன்னனியள்."

"ஓம்."

"விரதத்தில."

அவர் குனிந்து கானின் மூடியை இறுக்கினார்.

"நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ" என்றாள். "என்ர வாயால வந்தது. நான் சொல்லாட்டி நீங்கள் இறக்கியிருப்பியள். இந்த வாயோட நான் போய் அங்க என்னத்தைக் கும்பிடுறது?"

"இஞ்சாரும், அப்பிடிச் சொல்லாதையும்."

"வேற எப்பிடிச் சொல்ல?"

இராஜேந்திரன் அவளுக்கு முன்னால், ஈரப் புல்லில், வேட்டி நனையக் குந்தி இருந்தார்.

"நீர் சொன்னதுக்காக மட்டும் நான் நிக்கேல்லை. எனக்கும் அது சரியெண்டுதான் பட்டது. இப்பவும் சரியெண்டுதான் படுது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான். குளிரும் குளிர்தான். ரெண்டும் ஒரே நாளில வந்திட்டுது. ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை. நானும் சாமியைக் கேட்டுப் பாத்தனான்."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

அவள் தலை குனிந்து கோட் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏன் எனக்குப் பொய் சொன்னனியள்?"

"உமக்கு நோகுமெண்டு."

"என்ர வயித்தில ஓட்டை போட்டுக் குழாய் வைச்சவையள்" என்றாள். "அதைத் தாங்கினனான். உங்கட ஒரு பம்பையோ தாங்கமாட்டன்?"

அவருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவளுக்கும் வாயோரம் ஏதோ அசைந்தது. ஆனால் அவள் விட்டுவிடவில்லை.

"எனக்கு இனி இருக்கிறது டொக்டர் சொல்லுறதும் நீங்கள் சொல்லுறதும்தான். டொக்டர் சொல்லுறதில பாதி எனக்கு விளங்காது. நீங்களும் மறைச்சா நான் ஆரை நம்புறது, சொல்லுங்கோ."

"இனி மறைக்கமாட்டன்."

"சத்தியமோ?"

"உடனே திரும்பவும் சத்தியமோ? தாதிக்குத் தும்மமாட்டன் எண்டு ஒரு சத்தியம் பண்ணி வைச்சிருக்கிறன், அது போதாதோ?"

"எழும்புங்கோ. வேட்டி பாழாப் போகுது" என்றாள் பரமேஸ்வரி. அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு தானும் எழும்பி, வானுக்குள் ஏறினாள்.

அட்லிஸ்விலில் கோயிலுக்குக் கிட்டப் போகவே சனம் தெருவில் நிரம்பியிருந்தது. ரெயிலில் வந்து இறங்கினவர்கள் சேலைக்கு மேலே குளிர்ச்சட்டையும் காலில் சப்பாத்துமாக வரிசையாக நடந்தார்கள். வாகனங்களுக்கு வழிகாட்டிக்கொண்டு நின்ற ஒருவர் வீட்டு வானைக் கண்டதும் கையை விரித்தார்.

"என்ன அண்ணை, சூரனுக்குப் பயந்து வீட்டையே தூக்கிக்கொண்டு வந்திட்டியளோ?"

"மனிசிக்குச் சுகமில்லை, தம்பி. உள்ளுக்க வைச்சு மருந்து மாத்தவேணும்."

வழிகாட்டுகிறவருடைய முகம் மாறியது. முன்னால் நின்ற கார்க்காரரைத் திட்டிப் பின்னுக்கு எடுக்க வைத்து, கோயில் வளவோரமாகவே ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார்.

சூரன்போர் தொடங்குகிற நேரமும் பை மாற்றுகிற நேரமும் ஒன்றாகத்தான் வந்தன. இராஜேந்திரன் கதவையும் யன்னலையும் சாத்தினார். சூட்டுக் காற்று வீசக்கூடாது என்பதற்காகக் காஸ் சூட்டையும் நிற்பாட்டினார். வானுக்குள் உடனே குளிர் ஏறியது. இரண்டு பேரும் முகக்கவசத்தால் வாயை மூடிக் கட்டினார்கள். பரமேஸ்வரி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டிக்கு மேலே கைகளை நீட்டினாள். அவர் கானிலிருந்து ஒரு சில்வர் செம்பில் வார்த்து, செம்பைச் சரித்து, ஒரே சீராக ஊற்றினார். அவள் விரல் விரலாகத் தேய்த்தாள். நகத்தடி, மணிக்கட்டு, திரும்பவும் விரல். அவர் ஊற்றிக்கொண்டேயிருந்தார். வெளியே பறை முழங்கியது, சனம் அரோகரா என்று கத்தியது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான். கோயிலில் சாமிக்கு அபிஷேகம் பண்ணுகிற ஐயர்கூட இவ்வளவு கவனமாக ஊற்றியிருக்கமாட்டார் என்று சொன்னால் அதில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கைகளுக்குள்ளும் முருகன்தானே இருக்கிறான்.

குழாயைப் பூட்டி, பழைய தண்ணீர் இறங்கி, புதுத் தண்ணீர் ஏறும்வரைக்கும் அவள் கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். யன்னலால் பார்த்தால் சனத்தின் தலைகளுக்கு மேலே சூரனின் தலை மட்டும் ஆடி ஆடித் தெரிந்தது. முதலில் யானைத் தலை. பிறகு அது விழுந்து, சிங்கத் தலை வந்தது.

"கெதியா ஏறுதில்லை" என்றாள், பையைப் பார்த்து.

"அவசரப்படாதையும். சூரனுக்கு இன்னும் தலை இருக்கு."

முடிந்தது. குழாயை மூடி, வளையலைப் போட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்து அவள் இறங்கினாள். அந்த வழிகாட்டுகிற மனிதர் சனத்தை விலக்கி முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சூரன் அப்போது மாமரமாகி நின்றான். கொப்புகளைத் தூக்கிக்கொண்டு சுமக்கிறவர்கள் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். முருகனின் வாகனம் முன்னுக்கு வந்தது. வேல் போனது. மரம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கத்தில் சேவலும் மற்றப் பக்கத்தில் மயிலும் வந்தன. சனம் முழுக்க ஒரே குரலில் கத்தியது. பரமேஸ்வரி கத்தவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, கண்ணை மூடாமல், பார்த்துக்கொண்டே நின்றாள்.

எல்லாம் அடங்கிச் சனம் கலைந்தபோது பொழுதுபட்டிருந்தது. மூச்சு வெண்புகையாக வந்தது. அவள் வானுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. வளவு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜனவரியில மெஷினுக்குப் போகேக்க நீங்களும் பக்கத்தில இருப்பியளோ?"

ஓம் என்று சொல்ல இராஜேந்திரனுக்கு வாய் உன்னியது. அவர் அதை விழுங்கினார்.

"பெரிய ஊசி குத்துவினமாம்" என்றார். "எனக்கு அதைப் பாக்க ஏலாது. விழுந்துபோவன். போன முறை உமக்கு இரத்தம் எடுக்கேக்கயும் தொலைபேசி வருது எண்டு சொல்லிப்போட்டு வெளியில போய் நிண்டனான். ஒரு தொலைபேசியும் வரேல்லை."

பரமேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றில் ஏறியிருக்கிற தண்ணீர் குலுங்கும் என்பதால் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "சரி, உள்ளுக்க வரவேண்டாம். கதவுக்கு வெளியில கதிரையில இருங்கோ. ஆனா அங்கதான் இருக்கவேணும். நான் கூப்பிட்டா ஓம் எண்டவேணும்."

"இருப்பன்" என்றார்.

அவள் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் விபூதி வாங்கக் கோயில் வாசல் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.